மறுதேர்வும் மனநிதானமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுமாறு நமக்குப் பணிக்கப்பட்டிருந்தது. கல்வியின் பெருமையை இவ்வவையோர் நம்மினும் நன்கறிவர். படிக்காததனால் நேர்ந்த இழப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்துத்தானே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கினீர்கள்! ஆகவே, தலைவரிடம் இசைவு பெற்றுப் பொருளைச் சற்று மாற்றிக்கொண்டோம். கனரக வாகனம் ஓட்டும் உரிமத்திற்கான தேர்வில் ஒருமுறை தவறியவர், மறுமுறை செல்லும்போது மனம் பதறாதிருப்பது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். பள்ளித் தலைமையாசிரியருக்கும் லாரிக்கும் என்ன தொடர்பு என்று பின்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. நாம் லாரி ஓட்டியவர் அல்லோம். ஆனால், தேர்வு என்பதையும், தேர்வில் தவறியவர் முகத்தையும் மிகப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். எழுதும் தேர்வாயினும் ஓட்டும் தேர்வாயினும் அந்த முகம் ஒன்றுதான்.

நம் ஊரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய்க் கார்கள் உருவாகி வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2012இல் டெய்ம்லர் நிறுவனம் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் தொழிற்சாலையைத் திறந்தது. நம் வடக்குப்பட்டைச் சுற்றியுள்ள சாலைகளில் இன்று கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட வண்டிகளும், கண்டெய்னர் லாரிகளும், உதிரிப்பாகங்கள் ஏற்றிய வண்டிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. லாரி செய்கின்ற ஊரின் அருகிலே பிறந்தும், அந்த லாரியைத் துடைக்கவும் அதில் சுமை ஏற்றி இறக்கவும் மட்டுமே நம் பிள்ளைகள் அழைக்கப்படுவது ஏன்? ஒப்பந்தக்காரர் இன்று வா என்றால் வேலை, நாளை வேண்டா என்றால் வீடு. உரிமம் கையில் உள்ள ஓட்டுநர் நிலை அத்தகையது அன்று. ஒரு முதலாளி வேண்டா என்றாலும் அவர் சட்டைப் பையில் உள்ள உரிமம் வேறொரு வாயிலைத் திறக்கும். நிலமில்லாதவர்க்கு அஃது ஒருவகை நிலம் என்றே நாம் கருதுகிறோம்.

2007 முதல் போக்குவரத்து வாகனம் ஓட்டுவோர் 8ஆம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. இடையில் பள்ளியை விட்டு நின்ற எத்தனையோ பேர்க்கு அது தடையாய் நின்றது. 2019இல் அவ்விதி நீக்கப்பட்டது. தலைமையாசிரியராகிய நாம் அதற்காக மகிழ்வதா வருந்துவதா என்று சில நாள் தடுமாறியதுண்டு. படிப்பு வேண்டா என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால், பள்ளி கைவிட்ட பிள்ளைக்கும் ஒரு வழி திறந்ததே என்ற அளவில் நாம் மகிழ்கிறோம்.

வழி திறந்தும் நம் இளைஞர்கள் உள்ளே செல்லாமல் நிற்பது எங்கே என்று கவனித்தோம். பணம் கட்டுகிறார்கள், பழகுநர் உரிமம் பெறுகிறார்கள், பயிற்சிப் பள்ளிக்கும் செல்கிறார்கள். தேர்வு நாளன்று ஏற்றத்தில் வண்டி அணைந்துவிடுகிறது, அல்லது பின்னோக்கி வரும்போது சக்கரம் கோட்டின்மேல் ஏறிவிடுகிறது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மறுவாரம் பழைய ஒப்பந்தக்காரரிடம் போய் நிற்கிறார். கேட்டால், ‘நமக்கு அதெல்லாம் சரிப்படாது சார்’ என்கிறார். ஒரே ஒரு நாளின் ஐந்து நிமிடங்கள் ஒருவருடைய வாழ்நாள் தொழிலையே தீர்மானித்துவிடுகின்றன. இதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

வேறு சிலர் இடைத்தரகரைத் தேடிச் செல்கின்றனர். ‘நீ வண்டியில் ஏறி உட்கார்ந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார் அவர். இதைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறோம். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தத் தெரியாதவர் பணம் கொடுத்து உரிமம் பெறலாம். பாலத்தின் ஏற்றத்தில் பின்னால் இருசக்கர வண்டியில் ஒரு குடும்பம் நிற்கும்போது அந்தப் பணம் லாரியைப் பிடித்து நிறுத்தாது. அந்தக் குடும்பம் நம் தெருவினதாகவே இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். பாதி அச்சம் அறியாமையால் வருவது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் பெறுமுன் இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டேனும் வைத்திருக்க வேண்டும். இங்கே ஒரு செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, கனரக உரிமத்துக்காகக் காத்திருக்கும் தம்பிமார்கள் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சிறு சரக்கு வண்டி ஓட்டிக் கையைப் பழக்கிக்கொள்ளலாம்.

அதே சட்டத்தின் 9ஆம் பிரிவில் நம் பொருளுக்கு இன்றியமையாத வாசகம் ஒன்று உள்ளது. தேர்வில் தேறாதவர் 7 நாள் கழித்து மீண்டும் தேர்வுக்கு வரலாம். மூன்று முறை வந்தும் தேறாவிட்டால், கடைசித் தேர்வு நாளிலிருந்து 60 நாள் பொறுத்திருக்க வேண்டும். இதன் கருத்து என்ன? சட்டம் இயற்றியவர்களே, ஒருவர் முதல் முறையில் தவறுவார், இரண்டாம் முறையிலும் தவறக் கூடும் என்று எதிர்பார்த்து, அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தவறுவது சட்டத்துக்குப் புறம்பான செயல் அன்று. சட்டத்துக்குள்ளேயே அதற்கு ஒரு வரி இருக்கிறது. பாராளுமன்றம் எழுதிவைத்த இந்த இரக்கத்தை நம் வீட்டார் மட்டும் ஏன் காட்ட மறுக்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

‘பதறாத காரியம் சிதறாது’ என்று எல்லாரும் சொல்வர். எப்படிப் பதறாமல் இருப்பது என்று சொல்வோர்தாம் அரியர். மறுதேர்வில் பதற்றம் முதல் தேர்வைவிட மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் முறை செல்பவர் வண்டியை மட்டும் ஓட்டுகிறார். மறுமுறை செல்பவர் வண்டியோடு தம் வெட்கத்தையும் சேர்த்து ஓட்டுகிறார். தெருவில் யார் என்ன சொல்வர், தங்கையின் நகையை அடகு வைத்த பணம் என்ன ஆகும், ஆய்வாளர் போன முறை கண்டு சிரித்தாரே, இம்முறையும் சிரிப்பாரோ என்று இத்தனையும் அந்த ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

ஆசிரியப் பயிற்சியில் உளவியல் படித்தோர் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்களின் பெயரைக் கேட்டிருப்பர். 1908இல் அவர்கள் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி இரண்டில் சரியானதைத் தேர்ந்து நுழையவேண்டும். தவறினால் சிறு மின் அதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி மிகுந்தால் எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாட்டைக் காண்பது கடினமானபோதோ, மிகுந்த அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. நடுத்தரமான அளவே நன்மை செய்தது. லாரியைப் பின்னோக்கி ஓட்டுவது கடினமான செயல். அதற்குச் சிறிது அச்சம் வேண்டும். அது கண்ணை விழிப்பாக வைத்திருக்கும். பெரிய அச்சம் கையைக் கட்டிவிடும். ஆகவே, ‘பயமே இருக்கக் கூடாது’ என்று அறிவுரை கூறுவோரை நம்ப வேண்டா. உள்ளங்கை சற்று வியர்க்கிறதா? வியர்க்கட்டும். அதனால் தேர்வு கெடுவதில்லை.

அச்சத்தைக் குறைப்பதற்கு நாம் கண்ட முதல் வழி, தவறிய இடத்தின் பெயரைச் சரியாகச் சொல்வது. ‘டெஸ்ட்டில் போய்விட்டேன்’ என்று சொல்பவர் முழுவதையும் இழந்தவராகத் தம்மை எண்ணிக்கொள்கிறார். ‘ஏற்றத்தில் கிளப்பும்போது வண்டி ஓரடி பின்னால் உருண்டது’ என்று சொல்பவர்க்கு அந்த ஓரடியைத் தவிர மற்றதெல்லாம் கையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய மாணவன் துணைத்தேர்வுக்குப் படிப்பதைப் பாருங்கள். அவன் தனக்கு நன்கு தெரிந்த பாடத்தையே மீண்டும் மீண்டும் புரட்டுவான். தெரிந்ததைப் படிப்பது இன்பம். தெரியாததன் பக்கம் திரும்பினால் பழைய அவமானம் நினைவுக்கு வரும். லாரி பழகுவோரும் அப்படியே. பயிற்சி வண்டியை நேர்ச்சாலையில் ஓட்டி மகிழ்கிறார்களே தவிர, தவறிய இடத்தை நெருங்குவதில்லை. போக்குவரத்து வாகனப் பயிற்சியில் ஒருவர் உண்மையாக வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த 15 மணியில் பின்னோக்கி ஓட்டியது எத்தனை நிமிடம் என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

தேர்வில் எவையெவை பார்க்கப்படும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், 15ஆம் விதியில் வரிசையாக உள்ளது. அதைத் தமிழில் எழுதிச் சங்க நூலகத்தில் ஒட்டிவைக்குமாறு செயலாளரை வேண்டிக்கொள்கிறோம். அதில் இரண்டை மட்டும் இங்கே விரித்துச் சொல்வோம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது அவ்விரண்டில்தான்.

ஒன்று ஏற்றம். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பின்னோக்கி உருளாமல் மீண்டும் கிளப்ப வேண்டும். அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரை அழைத்து நாம் கேட்டபோது அவர் சொன்னது இது: ‘ஹாண்ட் பிரேக்கைப் போட்டுக்கொள், முதல் கியரில் வைத்துக் கிளச்சை மெல்ல மெல்ல விடு, என்ஜின் சத்தம் கனத்து, வண்டி முன்பக்கம் லேசாகத் தூக்கினாற்போல் இருக்கும், அந்த நேரத்தில் காலை அங்கேயே நிறுத்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே பிரேக்கை எடு.’ இதில் கவனிக்க வேண்டியது, எல்லாம் காதாலும் காலாலும் அறியப்படுவது என்பதே. பதறியவர் என்ஜினைக் கேட்பதில்லை. பக்கத்தில் இருக்கும் ஆய்வாளரின் முகத்தைப் பார்க்கிறார். ஆய்வாளர் முகத்தில் கிளச்சு இல்லை. இடைப்பட்ட ஏழு நாளில் ஓர் ஏற்றத்தைத் தேடிப் பிடித்து, பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு இருபது முறை நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். ஐந்தாம் நாள் அது சலிப்பூட்டும். சலிப்பு வந்துவிட்டால் அச்சம் போய்விட்டது என்று பொருள்.

மற்றொன்று பின்னோக்கி ஓட்டுதல். விதி கேட்பது என்னவென்றால், வண்டி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், ஓரளவு துல்லியமாகச் செல்ல வேண்டும் என்பதே. விரைவை விதி கேட்கவில்லை. பதற்றம் மிகுந்தவர் சீக்கிரம் முடித்துவிட்டு இறங்கினால் போதும் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். கோட்டில் சக்கரம் ஏறுவது அப்போதுதான். நடக்கும் வேகத்திலும் குறைந்த வேகத்தில் வண்டி நகரட்டும். இடக் கண்ணாடி, வலக் கண்ணாடி என மாறி மாறிப் பாருங்கள். ஒரே கண்ணாடியில் கண்ணை ஊன்றியவர்க்கு மறுபக்கம் மறந்துபோகும்.

இன்னொரு நுட்பமும் சொல்ல வேண்டும். பின்புறம் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்வதும், என்ஜினைக் கிளப்புமுன் எச்சரிக்கைகளைக் கவனிப்பதும் அந்த 15ஆம் விதியின் பட்டியலிலேயே இருப்பவை. அதாவது, ஏறி உட்கார்ந்த முதல் அரை நிமிடம் தேர்வின் ஒரு பகுதி. இருக்கையைச் சரிசெய்யுங்கள். கண்ணாடிகளைத் திருப்புங்கள். கியர் நடுநிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று பிரேக் உள்ள வண்டியானால் காற்றழுத்த முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அழுத்தம் ஏறாத வண்டியை நகர்த்தக் கூடாது. இவற்றைச் செய்யும்போது மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதைவிட மெல்ல வெளியே விடுங்கள். மூச்சு இறங்கினால் நெஞ்சுத் துடிப்பும் இறங்கும். ‘நேரம் வீணாகிறதே, ஆய்வாளர் கோபிப்பாரே’ என்று அஞ்ச வேண்டா. நீங்கள் செய்துகொண்டிருப்பது விதி கேட்ட செயலே.

ஆய்வாளரைப் பற்றியும் பேசவேண்டும். நம் மக்கள் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பெரும்பாலும் பேச மாட்டார். அவர் மௌனத்தை வெறுப்பு என்று நம்மவர் எடுத்துக்கொள்கின்றனர். தலைமுறை தலைமுறையாக அதிகாரியின் மேசை முன் நின்று பழகிய அச்சம் அது. அதை ஏளனம் செய்ய நாம் ஒருபோதும் முன்வர மாட்டோம். ஆனால், அன்று காலை முதல் பலரைத் தேர்வு செய்து வெயிலில் களைத்த மனிதரின் மௌனம் வெறும் மௌனமாகவும் இருக்கலாமே! ஒருவேளை அவர் மரியாதையின்றி ஒருமையில் அழைத்தால்? அது தவறு என்பதில் நமக்கு ஐயமில்லை. இருப்பினும், அந்த ஐந்து நிமிடம் ‘சரிங்க ஐயா’ என்று சொல்லிவிட்டு வண்டியைக் கவனியுங்கள். வண்டியிலிருந்து இறங்கியபின் சங்கத்திற்கு வாருங்கள். முறையீட்டை எழுத நாம் உதவுகிறோம். பலர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவு செய்யப்பட்டால் அது வேறு. அதற்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஓட்டும்போது ஓட்டுவதும், முறையிடும்போது முறையிடுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு செய்ய இயலாது.

தென்கொரியாவில் சா சா-சூன் என்ற மூதாட்டியின் கதை பத்திரிகைகளில் வந்தது. காய்கறி விற்றுப் பிழைத்தவர். 2005இல் ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை எழுதத் தொடங்கினார்; 2009இல், 950ஆம் முறையில் தேறினார். பின்னர் வண்டி ஓட்டும் தேர்வுகளிலும் சில முறை தவறி, 2010இல், எழுபதை நெருங்கும் வயதில் உரிமம் பெற்றார். ஹூண்டாய்-கியா நிறுவனத்தார் அவருக்கு ஒரு காரையே பரிசளித்தனர். நம் இருங்காட்டுக்கோட்டையில் பெயர்ப் பலகை வைத்திருக்கும் அதே ஹூண்டாய்தான்! அம்மூதாட்டியின் பொறுமையை வணங்குகிறோம். ஆனால், அவர் முறையைப் பின்பற்றுமாறு சொல்ல மாட்டோம். தேர்வுக்கும் தேர்வுக்கும் இடையில் ஏதேனும் ஒன்று மாற வேண்டும். மாறாமல் போய் நிற்பது கட்டணத்துக்குக் கேடு. அவரிடம் நாம் கற்க வேண்டியது வேறு. 949 முறை தவறியதை ஊரறிந்தும், மறுநாள் காய்கறிக் கூடையோடு அவ்வூரார் முன்னிலையிலேயே அவர் உட்கார்ந்திருந்தாரே, அதுதான்.

நம் நாட்டிலேயே, குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அம்மையாரை நம் பெண்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1993இல் தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தின் ஓட்டுநராகச் சேர்ந்து, 2017இல் ஓய்வுபெறும் வரை பணியாற்றினார். பெண் ஒருத்தி பேருந்து ஓட்டுவதாவது என்ற பார்வையின் நடுவிலே அவர் தேர்வு கொடுத்தார். பார்க்கின்ற கண்கள் மிகுதியாக இருந்தால் கை நடுங்கித்தான் தீரும் என்பதில்லை என்பதற்கு அவர் சான்று. இக்கூட்டத்தில் பெண்கள் பகுதியில் இருவர் தலை நிமிர்ந்து கேட்பதைக் காண்கிறோம். அவர்களுக்கும் இவ்வுரை உரியது.

தேர்வுக்கு முந்திய இரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். இரவுப் பணி முடித்து நேரே தேர்வுக்குச் செல்வது கூடாது, விடுப்பு எடுங்கள். காலையில் இரண்டு இட்லியாவது உண்ணுங்கள். ‘தைரியத்துக்கு’ என்று சொல்லிக் கொஞ்சம் குடித்துவிட்டுச் செல்லும் வழக்கம் சிலரிடம் இருக்கிறதாம். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தைரியம் கிளச்சுக் காலுக்கு எட்டுவதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். ‘இந்தத் தடவையாவது பாஸ் பண்ணிடுவியா?’ என்று வாசற்படியில் கேட்காதீர்கள். அந்த ‘ஆவது’ என்னும் இடைச்சொல் பிள்ளையின் நெஞ்சில் லாரியைவிடக் கனமானது. ‘போய் வாப்பா, சாயங்காலம் பேசிக்கலாம்’ என்று சொல்லி அனுப்புங்கள். எந்த நாளில் தேர்வு என்று தெருவுக்கெல்லாம் சொல்லி வைக்கவும் வேண்டா.

2022இல் தொல்லியல் துறையினர் நம் வடக்குப்பட்டில் அகழ்ந்தபோது மண்ணுக்கடியிலிருந்து கற்கருவிகள் வெளிவந்தன. அவற்றைச் செதுக்கியவன் முதல் கல்லிலேயே கூர் கண்டிருப்பான் என்று நாம் நம்பவில்லை. உடைந்த சில்லுகளும் அங்கே கிடந்திருக்கும்.

இறுதியாகக் கணக்கு ஒன்று. பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் ஆனபின்பே தேர்வுக்குச் செல்ல முடியும். உரிமம் பெற்ற நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் முதல் தேர்வுக்குச் சென்றால், ஏழேழு நாள் இடைவெளியில் மூன்று முறை எழுந்து நிற்கவும், தேவையானால் 60 நாள் காத்திருந்து நான்காம் முறை செல்லவும் அதே உரிமம் இடங்கொடுக்கும். ஐந்தாம் மாதம் வரை தள்ளிப்போட்டவர்க்கு ஒவ்வொரு தேர்வும் கடைசித் தேர்வாகத் தோன்றும். பதற்றத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஆகவே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பழகுநர் உரிமத்தை எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நாம் இருப்போம். அந்தத் தாளையும், தவறிய இடம் எது என்று ஒரு வரியில் எழுதிய சீட்டையும் கொண்டு வாருங்கள்.